பழத்துக்கு வந்த சண்டை

பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போன பிள்ளையின் கதை நமக்குப் புதிதில்லை. பழனி மலை இன்றும் அதைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது. ஜப்பானிலும் அப்படி ஒரு பிள்ளை உண்டு. கல்யாண வயதைத் தாண்டிப் பல வருஷம் ஆனவன். கட்டம் போட்ட கோட்டு, வயிற்றைச் சுற்றிக் கம்பளிப் பட்டை, கையில் பழைய தோல்பெட்டி. பெயர் தோராஜிரோ. ஊருக்கெல்லாம் தோரா-சான்.

‘ஆணாய்ப் பிறந்தால் பாடுதான்’ என்று பொருள் வரும் தலைப்பில் 1969 முதல் 1995 வரை அவனை வைத்து 48 படங்கள் வந்தன. எல்லாவற்றிலும் தோராவாக நடித்தவர் கியோஷி அட்சுமி. இரண்டைத் தவிர மற்ற அத்தனையையும் இயக்கியவர் யோஜி யமாதா. முதலில் இது தொலைக்காட்சித் தொடராகத்தான் வந்தது. கடைசி வாரத்தில் தோராவைப் பாம்பு கடிக்கவிட்டுச் சாகடித்துவிட்டார்கள். பார்த்தவர்கள் கொதித்துப்போனார்கள். அந்தக் கோபம்தான் அவனுக்குத் திரையில் மறுபடி உயிர் கொடுத்தது.

படத்துக்குப் படம் தடம் ஒன்றுதான். ஊர் ஊராய்த் திருவிழாக்களில் கடை விரிக்கிறவன், டோக்கியோ ஓரத்து ஷிபமாத்தாவில் சித்தப்பா நடத்தும் பலகாரக் கடைக்கு வருவான். ஒருத்தி மேல் ஆசை வைப்பான். வீட்டில் சண்டை போடுவான். ஆசை கைகூடாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். இதையே எத்தனை முறை பார்ப்பது? கோவில் கொடையில் அதே வில்லுப்பாட்டுக் கதையைத்தானே வருஷா வருஷம் விடிய விடியக் கேட்கிறோம்! கதை தெரியும். இந்த வருஷம் எப்படிச் சொல்கிறார்கள் என்பதற்காகத்தான் உட்காருகிறோம்.

வாசுதேவநல்லூர்ப் பக்கத்தில் கொடைக்குக் கால் நாட்டியதும் வளையல்காரரும் பலூன்காரரும் வந்து இடம் பிடிப்பார்கள். இரவில் கடைக்குப் பக்கத்திலேயே சாக்கை விரித்து, பெட்டியைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குவார்கள். கொடை முடிந்த மறுநாள் அந்த இடத்தில் காகிதக் குப்பைதான் கிடக்கும். அவர்களுக்கும் ஒரு வீடு இருக்குமே, அங்கே அவர்களுக்கு எடுத்துவைக்க யாராவது இருப்பார்களா என்று சின்ன வயதில் எனக்குத் தோன்றும். தோராவைப் பார்த்தபோது அந்தக் கேள்வி திரும்பி வந்தது.

1975-இல் வந்த 15-ஆவது படத்தில்தான் அந்தப் பழம் வருகிறது. தோரா வழியில் சேர்த்துக்கொண்ட ஒரு நண்பர், பெற்ற உதவிக்கு நன்றியாக முலாம்பழம் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். அந்த ஊரில் அது கடையில் சும்மா வாங்கித் தின்கிற பழம் அல்ல, விலை உயர்ந்தது, பெட்டியில் வைத்துப் பரிசாகக் கொடுப்பது. சித்தப்பா, சித்தி, தங்கை சகுரா, அவள் கணவன், சின்னப் பையன், விருந்தாளியாக வந்திருக்கும் பாடகி லில்லி என்று ஆளுக்கொரு துண்டாகிவிட்டது. வாயில் வைத்த நேரத்தில் வாசலில் தோரா.

இனி அட்சுமியின் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். முதலில் சும்மா விசாரிக்கிறான். தன் துண்டு உள்ளே இருக்கும் என்ற நம்பிக்கை அந்தச் சின்னக் கண்களில் தெரிகிறது. இல்லை என்று புரியும்போது கண் அப்படியே நின்றுவிடுகிறது. ஆளாளுக்குத் தாங்கள் தின்றுகொண்டிருந்த துண்டை நீட்டப் பார்க்கிறார்கள். அது இன்னும் மோசம். அவனுக்குப் பழம் முக்கியமில்லை. தலையை எண்ணியபோது தன் தலையை எண்ணவில்லையே என்பதுதான் அவன் வழக்கு. அவன் குழந்தை மாதிரிக் கத்தக் கத்த நாம் சிரிக்கிறோம், சிரிக்கும்போதே நெஞ்சில் ஏதோ அடைக்கிறது. கடைசியில் லில்லிதான் அவனை ஒரு பிடி பிடிக்கிறாள். ஊர் சுற்றுகிறவனுக்கு இப்படிக் காத்திருக்கும் வீடு கிடைத்ததே பெரிசு என்கிறாள். சொல்லத் தகுதி உள்ளவள், அவளும் ஊர் சுற்றிப் பாடிப் பிழைக்கிறவள்.

நம்மிடமும் பழத்துக்கு வந்த சண்டை ஒன்று இருக்கிறது. 1989-இல் கங்கை அமரன் இயக்கி, மதுரையில் ஓராண்டுக்கு மேல் ஓடிய ‘கரகாட்டக்காரன்’. நகைச்சுவைப் பகுதி எழுதியவர் ஏ. வீரப்பன். ஒரு ரூபாய் கொடுத்து இரண்டு வாழைப்பழம் வாங்கி வரச் சொல்கிறார் கவுண்டமணி. செந்தில் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றோடு வருகிறார். இன்னொன்று எங்கே என்றால், கையில் இருப்பதுதான் அந்த இன்னொன்று. அந்தப் பதிலைச் சொல்லும்போது செந்தில் முகத்தில் துளி கள்ளம் தெரியாது, பார்த்தீர்களா? பொய் சொல்கிற முகமே இல்லை, கணக்கு வாத்தியாரிடம் சரியான விடை சொன்ன பையனின் முகம். கவுண்டமணி கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்கக் கேட்க, பைத்தியம் பிடிப்பது கேட்பவருக்குத்தான். இந்த ஜோடிக்குப் படத்துக்குப் படம் பெயர் மாறும், ஊர் மாறும், ஆள் அதே இருவர்தான். தலைப்பு இல்லாத ஒரு தொடர் அது.

இதுவும் ஊர் ஊராய்ப் போகிற கோஷ்டிக்குள் நடக்கிற சண்டை. ஆட்டத்துக்கு யார் கூப்பிடுவார்கள் என்று காத்திருப்பவர்கள் இடையே ஒரு வாழைப்பழம் எவ்வளவு பெரிய சொத்து என்பதை வீரப்பன் அறிந்திருக்கிறார். ஆனால் செந்தில் எத்தனை அடி வாங்கினாலும் அடுத்த ஊருக்கு அதே வண்டியில்தான் வருவார். அங்கே எண்ணாமல் விடப்பட்ட தலை கிடையாது. தோராவை அதைவிட ஒரு படி மேலே வைக்கத் தோன்றுவது இதனால்தான்: அவன் வண்டியில் இன்னொரு ஆள் இல்லை.

தோராவின் அதே முலாம்பழப் படத்தில் பிறகு ஒரு மழை. லில்லி ரயிலில் இருந்து இறங்கி ஸ்டேஷன் வாசலில் நனையாமல் ஒதுங்கப் பார்க்கிறாள். எதிரே குடையோடு தோரா. அழைத்துப்போக வந்தாயா என்றால் இல்லையாம், உலாவ வந்தானாம், அந்த மழையில்! ஆனி, ஆடியில் குற்றாலத்துச் சாரலுக்கு ஒரு குடைக்குள் ஒட்டிக்கொண்டு நடக்கும் இருவரை எப்போது பார்த்தாலும் எனக்கு அவர்கள்தான். லில்லி அவன் கையைப் பிடித்துக்கொள்கிறாள். அவன் முகத்தை எங்கேயோ திருப்பி வைத்துக்கொண்டு, குடையை அவள் பக்கம் சாய்க்கிறான்.