ஒரே எண்ணில் இரண்டு நோட்டுகள்

போலி என்ற சொல்லை நம் கவிதை விமர்சனத்தில் தாராளமாகப் புழங்குகிறோம். கள்ள நாணயம் என்ற உருவகமும் கூடவே வந்துவிடுகிறது. நாளெல்லாம் கவுண்டரில் நோட்டு எண்ணிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு புகார் உண்டு. போலி என்றால் மட்டமாகச் செய்யப்பட்டது, நாளானால் சாயம் போய்விடும் என்ற நம்பிக்கை இந்த உருவகத்தில் ஒளிந்திருக்கிறது.

ஆந்த்ரே ழீத் 1925ல் வெளியிட்ட 'கள்ள நாணயக்காரர்கள்' நாவலில் வரும் காசு இந்த நம்பிக்கைக்குத் தோதானது. உள்ளே கண்ணாடி, மேலே பொன் முலாம். புழங்கப் புழங்க முலாம் தேய்ந்து உள்ளிருப்பது தெரிந்துவிடும். காலம் பார்த்துக்கொள்ளும்; விமர்சகன் தூங்கலாம்.

அதே 1925ல் போர்ச்சுகலில் நடந்தது வேறு. ஆல்வெஸ் ரெய்ஸ் என்ற ஆசாமி (ஆக்ஸ்ஃபோர்டில் இல்லாத ஒரு கல்லூரியின் பட்டத்தைத் தானே தயாரித்துக்கொண்டு அங்கோலாவில் என்ஜினியர் உத்தியோகம் பார்த்தவன்) நோட்டு எதையும் அடிக்கவில்லை. அவன் கள்ளத்தனமாகச் செய்தது ஓர் ஒப்பந்தப் பத்திரம். போர்ச்சுகல் பாங்கு கேட்பதாக நம்பி, அந்த பாங்குக்கு 500 எஸ்குடோ நோட்டு அச்சிட்டுக் கொடுத்த அதே லண்டன் வாட்டர்லோ கம்பெனி, அதே தகட்டில், வாஸ்கோ ட காமாவின் அதே தாடியோடு, லட்சக்கணக்கில் மறுபடி அடித்துக் கொடுத்தது. பழைய எண்களே திரும்ப வருவதற்கும் ஒரு சமாதானம் இருந்தது: இவை அங்கோலாவுக்குப் போகிறவை, அந்தப் பெயர் பின்னால் மேலே குத்தப்படும். குத்தப்படவில்லை.

டிசம்பரில் போர்ட்டோ நகரில், ரெய்ஸ் தொடங்கியிருந்த பாங்கைச் சந்தேகத்தின் பேரில் சோதனை போட்டார்கள். நோட்டுகள் பரீட்சையில் தேறிவிட்டன. ஒரே எண்ணில் இரண்டு நோட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் அகப்பட்டபோதுதான் விஷயம் வெளிவந்தது.

எனக்கு இந்த இடம் முக்கியம். ஒற்றை நோட்டை எத்தனை நேரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும் அதில் பொய் கிடையாது. கவிதையைத் தனியே எடுத்து வரிவரியாகப் பிரித்துப் பார்க்கும் நம் பழக்கம் இங்கே கையைப் பிசைகிறது. படிமம் சரி, இறுக்கம் சரி, மௌனம்கூட இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது என்று தேற்றி அனுப்பிவிடுகிறோம். வேறொருவன் பட்டு அடைந்த எண்ணை அது சுமந்துகொண்டிருப்பது, அந்த இன்னொன்றை அருகில் வைத்தாலொழியத் தெரியாது. அதற்கு ரசனை போதாது. ஞாபகம் வேண்டும், அலுக்காமல் படித்திருக்கவும் வேண்டும்.

பாங்கு அந்த வரிசை முழுவதையும் வாபஸ் வாங்கி, அசல் போலி பாராமல் நல்ல நோட்டு கொடுத்தது. பிறகு வாட்டர்லோ மீது வழக்குப் போட்டது. 1891லிருந்து நோட்டுக்குத் தங்கம் தராத பாங்குக்குப் புது நோட்டு அச்சிட்ட செலவுதானே நஷ்டம் என்று கம்பெனி வாதாடியது. எனக்கு இதைக் குதர்க்கம் என்று தள்ள மனம் வரவில்லை. 1932ல் பிரித்தானியப் பிரபுக்கள் சபையின் நீதிபதிகளே மூன்றுக்கு இரண்டு என்று பிரிந்துதான், முகமதிப்பை வைத்து ஆறு லட்சம் ஸ்டெர்லிங் பவுனுக்கு மேல் தீர்ப்பளித்தார்கள்.

கவிதையில் வாபஸ் வாங்கிக்கொள்ள பாங்கு கிடையாது. ஒரு தொனி இருபது வருஷம் புழங்கிவிட்டால் அதைக் கேட்டு வளர்ந்தவனுக்கு அதுவே அசல். ரெய்ஸுக்கும் இது புரிந்திருந்தது. பிடிபடுவதற்கு முன் அவன் போர்ச்சுகல் பாங்கின் பங்குகளையே வாங்கிக் குவிக்கத் தொடங்கியிருந்தான். கள்ளநோட்டு என்று புகார் சொல்லவேண்டிய ஸ்தாபனம் தன் கைக்கு வந்துவிட்டால் சொல்வதற்கு யார் மிச்சம்? நம் தொகுப்பாசிரியர்களையும் பரிசுக் குழுக்களையும் நினைக்காமல் இந்தப் பகுதியை என்னால் படிக்க முடியவில்லை.

சமீபத்திய தொகுப்பு ஒன்றை இந்த விதமாகப் படித்துப் பார்த்தேன். ஏழு ஜோடிகள் அகப்பட்டன. அவற்றில் மூன்று என் நண்பர்களுடையவை. வரும் இதழில் எதிரெதிர்ப் பக்கங்களில், வியாக்கியானம் இல்லாமல், அச்சிட ஆசிரியர் சம்மதித்திருக்கிறார்.