சின்னத் தேருக்கு ஒரு முட்டுக்கட்டை

என் மேசையில் கணினிக்குப் பக்கத்தில் இரண்டு வண்டிகள் நிற்கின்றன. ஒன்று, இரண்டு வருடமாக நான் செய்துகொண்டிருக்கும் பந்தயக் கார்: 2005-இல் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய மஞ்சள் நிற ஜோர்டான், 1/20 அளவில். இன்னொன்று, போன மாதம் அரும்பாவூரில் வாங்கிய ஒன்றரை அடி மரத்தேர். இரண்டையும் மாறி மாறிப் பார்த்ததில் தேரைப் பற்றி ஒரு விமர்சனம் தோன்றியது. எழுதி முடிப்பதற்குள் அது என் கார் மேலேயும் பாய்ந்துவிட்டது.

மாதிரிக் கார் செய்பவர்கள் ஸ்க்ராட்ச் பில்டிங் என்று ஒன்றைச் சொல்வார்கள். பெட்டியில் வராத பாகத்தை நாமே வெட்டி, இழைத்து, ஒட்டிச் செய்வது. பெரும்பாலும் பெட்டியில் வராதவை எவை? பிரேக் குழாய், சீட் பெல்ட்டின் கொக்கி, எஞ்சினுக்குப் போகும் ஒயர்கள். அதாவது, வண்டி எப்படி ஓடுகிறது, எப்படி நிற்கிறது என்று சொல்லும் பாகங்கள். 6 மி.மீ. தடிமனான பிரேக் குழாய் 1/20-இல் 0.3 மி.மீ. ஆகிவிடும். பழைய ஒயரைப் பிரித்து உள்ளிருக்கும் ஒற்றைச் செம்புக் கம்பியை எடுத்தால் ஏறக்குறைய சரியாக வரும்.

இந்தக் கண்ணோடுதான் தேரைப் பார்த்தேன். பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தில் இருக்கிறது அரும்பாவூர். அதன் மரச்சிற்பங்களுக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாகை, மா, வேம்பு என்று மரம் எதுவானாலும் ஒரே துண்டில் உருவத்தைக் கொண்டுவருவது அவர்கள் பெருமை. அந்தப் பெருமைக்கு என் தேர் சாட்சி. அதன் அடிப்பகுதியில் இருக்கும் யாளிக்கு என் சுண்டுவிரல் நகம் அளவு முகம்தான். அதற்குள் பல்லும் தெரிகிறது, கோபமும் தெரிகிறது.

ஆனால் தேராக அது தப்பு.

திருவாரூர் ஆழித்தேரை எடுத்துக்கொள்வோம். அலங்காரத்தோடு 96 அடி என்பார்கள். ஒன்றரை அடிக்குச் சுருக்கினால் 1/64. குழந்தைகள் வாங்கும் சின்னப் பொம்மைக் கார்களின் அதே அளவு. அந்த 96 அடியில் மரவேலை சுமார் 30 அடிதான். அதற்கு மேல் மூங்கில், சீலை, தொம்பை. கீழே கனம், மேலே காற்று. வடம் பிடித்ததும் மேல்பாதி லேசாக ஆடுகிறதே, அந்த ஆட்டம்தான் தேரின் அழகு. என் தேரில் எல்லாமே மரம். சீலையின் மடிப்புகூட யாளியின் தோள் மாதிரி கெட்டியாக நிற்கிறது. ஒரே துண்டில் செதுக்கும் திறமை, பல பொருள்கள் சேர்ந்த ஒரு வண்டியை ஒரே பொருளாக்கிவிட்டது.

சக்கரத்துக்கு வருவோம். நான்கும் பலகையோடு ஒட்டியிருக்கின்றன. அச்சு இல்லை, கடையாணி இல்லை. முட்டுக்கட்டையும் இல்லை. சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகித் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் எத்தனை பேரின் உயிர் சம்பந்தப்பட்ட வேலை! திருவாரூர்த் தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திய பிறகும் முட்டுக்கட்டை ஓய்வு பெறவில்லை. ஊரில் யாராவது காரியத்தைக் கெடுத்தால் 'முட்டுக்கட்டை போடுறான்' என்கிறோம். சொல் வாயில் இருக்கிறது; பொருளைச் சின்ன அளவில் செய்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

இதைச் செய்தவரிடமே சொன்னேன். அறுபதைத் தாண்டியவர். உளியைக் கீழே வைக்காமலே கேட்டார்: "தம்பி, இது உங்க வீட்டு ஷோகேஸ்ல நிக்கப்போவுது. ஓடவா போவுது?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் அரியலூர் மாவட்டத்தில் கிடைத்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிமென்ட் லாரிகளுக்கு நடுவே ஜெயங்கொண்டம் வழியாக கங்கைகொண்ட சோழபுரம் போனேன். முதலாம் ராஜேந்திரனின் பெரிய கோயிலுக்குள் ஒரு நவக்கிரகக் கல் இருக்கிறது. மேலே விரிந்த தாமரை, அதுதான் சூரியன். சுற்றிலும் மற்ற எட்டுக் கிரகங்கள். கீழே அது தேர். சக்கரம் உண்டு, ஏழு குதிரைகள் உண்டு, ஓட்டுவதற்கு அருணனும் உண்டு. அதுவும் ஒரே கல்தான். அதுவும் ஓடப்போவதில்லை. ஆனால் அந்தச் சிற்பி தெய்வத்தோடு நிறுத்தவில்லை. எது இழுக்கிறது, எது உருள்கிறது, யார் ஓட்டுகிறார் என்ற மூன்றுக்கும் இடம் ஒதுக்கினார். அதனால் அசையாத பீடம், புறப்படப் போகிற வண்டியாகத் தெரிகிறது.

ஆக, ஒரே துண்டில் செய்வது குற்றமில்லை. நுணுக்கத்தை எங்கே செலவழிக்கிறோம் என்பதுதான் கேள்வி. வாங்குகிறவன் யாளியின் பல்லை எண்ணி விலை கொடுத்தால் செய்கிறவர் பல்லைத்தான் செதுக்குவார். அச்சு இல்லாத தேர், என்னைப் போல அடியில் குனிந்து பார்க்காமல் வாங்கியவர்களின் தப்பு.

திரும்பி வந்து பப்பாதி வேலை செய்தேன் என்று சொல்லலாம். வேப்பங்குச்சியில் இரண்டு முட்டுக்கட்டைகள் இழைத்தேன். இரண்டடிக் கட்டை என்று வைத்தால் 1/64-இல் ஒன்பதரை மி.மீ. தேங்காய் நாரைத் திரித்து வடம் செய்தேன். அச்சுக்குக் கை வைக்கவில்லை. அதற்குச் சக்கரத்தைப் பெயர்க்க வேண்டும், மனசு வரவில்லை.

அவற்றைக் காட்ட மறுபடி அரும்பாவூர் போனபோது காரையும் எடுத்துப் போயிருந்தேன். பெரியவர் முட்டுக்கட்டையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, முனையில் இன்னும் கொஞ்சம் சாய்வு வேண்டும் என்றார். பிறகு காரைத் தூக்கி அப்படியே கவிழ்த்தார். அடியில் வழவழப்பான வெறும் பிளாஸ்டிக் தகடு.

"இங்க என்ன தம்பி இருக்கும்?"

விளக்கினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்ப அதையும் செஞ்சிருங்க" என்றார்.

செய்துகொண்டிருக்கிறேன்.