காவிரியின் திமில் மகசீர்: மரபணுச் சான்று ஒரு மதிப்பீடு

திமில் மகசீர் என்பது காவிரி ஆற்றுப் படுகையில் வாழும் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த பெருமீன். ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளமும் 45 கிலோவுக்கு மேல் எடையும் அடையக்கூடியது. தூண்டில் மீன்பிடிப்பவர்களிடம் உலகப் புகழ் பெற்றது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நூல்களில் இடம்பெற்றும் இதற்குச் சரியான அறிவியல் பெயர் இல்லாமல் இருந்தது. ‘டார் முசுல்லா’ என்று அழைத்து வந்தனர். அப்பெயர் வேறொரு பேரினத்து மீனுக்கு உரியது என்று பின்னர் தெளிவாயிற்று. பெயர் உறுதியாகாத உயிரினத்தை, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் பொதுவாக மதிப்பிடுவதில்லை.

ஏட்ரியன் பின்டர், மணிமேகலன், ராஜீவ் ராகவன் முதலியோர் 2018இல் ‘பிளாஸ் ஒன்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இக்குழப்பத்தைத் தீர்த்தது. காவிரியின் கிளையாறான பாம்பாற்றில் கிடைத்த 19 இளமீன்களைக் கொண்டு 2007இல் ‘டார் ரெமாதேவி’ என்ற இனம் விவரிக்கப்பட்டிருந்தது. திமில் மகசீரும் அதுவும் ஒரே இனம் என்று இவ்வாய்வு காட்டியது. அதே ஆண்டில் இம்மீன் ‘மிக அருகிய இனம்’ என்று பட்டியலில் சேர்ந்தது.

‘டிஎன்ஏ நிரூபித்துவிட்டது’ என்று இதனைச் சுருக்கிச் சொல்வது பொருந்தாது. ஆய்வாளர்கள் செதில், தலை, கண் அமைப்பு போன்ற உடற்கூறுகளையும் ஒப்பிட்டனர். எந்த ஆற்றில் பிடித்த மீன் என்ற குறிப்பு இல்லாவிட்டால் மரபணு வரிசை வெறும் எழுத்துக் கோவையே. மரபணுவையும் மீனையும் ஆற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்ததே இவ்வாய்வின் வலிமை.

மரபணு முறைக்கும் எல்லை உண்டு. மீன்களை இனங்காணப் பெரிதும் பயன்படுவது மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ. இது தாய்வழியில் மட்டுமே வருவது. இரண்டு இனங்கள் கலந்து பிறந்த மீனிலும் தாயின் இனம் மட்டுமே தெரியும். தந்தையின் இனம் மறைந்துவிடும். காவிரியில் இது ஏட்டளவு ஐயம் அன்று. லோனாவாலாவில் செயற்கையாக இனப்பெருக்கம் செய்த நீலத்துடுப்பு மகசீர் குஞ்சுகள் பல ஆண்டுகளாகக் காவிரியில் விடப்பட்டுள்ளன. கலப்பு நடந்துள்ளதா என்று அறிய, தாய் தந்தை இருவரிடமிருந்தும் வரும் உட்கரு டிஎன்ஏவையும் படிக்க வேண்டும். உறவின் தொன்மையைக் கணிக்கவும் ஒரு மரபணு போதாது. பல மரபணுக்களும் தொல்லுயிர்ச் சான்றும் வேண்டும்.

மாணவர்கள் இவ்வாய்விலிருந்து கற்க வேண்டியது ஒன்று: எந்த மீனையும் ஆற்றில் விடுமுன், அங்கே ஏற்கெனவே வாழ்வது எது என்று அறிய வேண்டும். காவிரியில் இந்த வரிசை தலைகீழாக நடந்தது.