மோனையை எண்ணும் வகுப்பறை

பொதுத்தேர்வு நெருங்கும்போதெல்லாம் ‘நயம் பாராட்டுக’ வினாவைப் பற்றிய பேச்சும் எழும். அண்மையில் ஒரு பயிலரங்கில், நான் மதிக்கும் மூத்த தமிழாசிரியர் ஒருவர் அதற்காக உறுதியாக வாதாடினார். திரண்ட கருத்து, மையக்கருத்து, மோனை, எதுகை, அணி, சந்தம், சுவை என்று தலைப்புகளை வரிசையாகக் கொடுத்துவிட்டால், வீட்டில் புத்தக வாடையே இல்லாத பிள்ளைகூட ஒரு பக்கம் எழுதிவிடும். தலைப்புகளை எடுத்துவிட்டால் அந்தப் பிள்ளை வெறுந்தாளைத்தான் நீட்டும் என்றார். அரங்கம் கைதட்டியது. எனக்குக் கை எழவில்லை.

அவர் பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை. ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் தலைப்பு என்பது பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு. திருத்துபவருக்கும் அது வசதி. சீரின் முதல் எழுத்து ஒன்றினால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை, இறுதி ஒன்றினால் இயைபு என்று பள்ளியிலேயே தெரிந்துகொள்வதும் நல்லதுதான்.

என் குறை ஒன்றே ஒன்று. பல ஆண்டுகளாக அதைச் சொல்லி வருகிறேன்: இந்த முறையில் பாட்டைப் படிக்காமலேயே பாட்டைப் பாராட்டிவிடலாம்.

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் அண்ணன் மகள் சென்ற மாதம் எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள். பாட்டில் என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டேன். “அதெல்லாம் கடைசியில பார்த்துக்கலாம் சித்தப்பா. முதல் எழுத்தையும் ரெண்டாம் எழுத்தையும் வட்டம் போட்டா பாதி மார்க் வந்துரும்” என்றாள். மிச்சப் பாதி மனப்பாடம். காட்டுக்கு யானைபோலப் பாட்டுக்கு மோனை, மதுரைக்கு வைகைபோலச் செய்யுளுக்கு எதுகை. எந்தப் பாட்டு வந்தாலும் இந்த யானையும் வைகையும் கூடவே வரும். அணியில்லாத கவிதையை நகையில்லாத பெண்ணுக்கு ஒப்பிடும் ஒரு வாசகமும் உண்டு. அதைப் பதினேழு வயதுப் பெண்கள் எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள்.

அவளுடைய குறிப்பேட்டின் ஓரத்தில் ஒரு பழமொழியை எழுதினேன்: அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். சட்டென்று நான்கு ‘அ’வுக்கு வட்டம் போட்டாள். விடை சரி. வாய்விட்டுச் சொல்லிப் பார் என்றேன். இரண்டு முறை சொன்னாள். மூன்றாம் முறை நிறுத்திவிட்டு, “நகரும் மட்டும் ஏன் அ-வுல ஆரம்பிக்கல?” என்று கேட்டாள். அம்மி நகர்கிற அந்த இடத்தில் சொல்லும் வரிசையை விட்டு நகர்கிறது. அதுவரை உளிபோல ஒரே இடத்தில் விழுந்த ஓசை அங்கே இளகுகிறது. அவள் முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே, “சரி, இதை எந்தத் தலைப்புல எழுதுறது?” என்றாள். என்னிடம் பதில் இல்லை.

மோனை ‘இருக்கிறது’ என்பது கவனிப்பே இல்லை. விருத்தத்தின் நான்கடியிலும் எதுகை ஒன்றி வருவது யாப்பின் வழக்கம். அதை எடுத்துக்காட்டி வியப்பது, வீட்டுக்கு வாசல் இருக்கிறது என்று வியப்பதைப் போன்றது. சங்க அகவலில் எதுகை எல்லா அடியிலும் வருவதில்லை; அங்கங்கே வருகிறது. ஆகவே அங்கே வந்த இடத்துக்கும் வராத இடத்துக்கும் பொருள் உண்டா என்று கேட்க வழியிருக்கிறது. நம் விடைத்தாளில் இரண்டுக்கும் ஒரே வாக்கியம்தான்.

இப்படி எண்ணுவதற்கு மரபைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். மரபு அப்படிச் சொல்லவில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்கு 34 உறுப்புகளை எண்ணுகிறது. மோனையும் எதுகையும் அடங்கும் தொடை அவற்றில் ஒன்று. நோக்கு என்று இன்னொன்றும் அதே பட்டியலில் இருக்கிறது. மாத்திரையில் தொடங்கி அடி வரைக்கும், படிப்பவனைத் திரும்பிப் பார்க்கவைக்கும் அமைப்பே நோக்கு. உரையாசிரியர் பேராசிரியர் அதை விளக்க ஓர் அகப்பாட்டை எடுத்துக்கொண்டு, இந்தச் சொல் இங்கே ஏன் நிற்கிறது என்று சொல் சொல்லாகக் கேட்டுக்கொண்டு போகிறார். நம் பள்ளிக்கூடம் தொடையை எடுத்துக்கொண்டது, நோக்கை விட்டுவிட்டது. தொடையை எண்ணலாம், எண்ணியதைத் திருத்தலாம். நோக்கை எண்ண முடியாது.

மையக்கருத்தின் கதி இன்னும் மோசம். குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். செம்மண்ணில் விழுந்த மழைநீரின் உவமையால் பெயர் பெற்ற புலவர் பாடியது. விடைத்தாளில் அது ‘காதலின் மேன்மை’, ‘உவமையணி’ என்று இரண்டு வரியில் முடிந்துவிடும். ஆனால் யார், எப்போது பேசுகிறார் என்று சொல்லும் பழைய துறைக் குறிப்பு வேறொன்றைச் சொல்கிறது. தலைவன் தன்னைப் பிரிந்துவிடுவானோ என்று தலைவி அஞ்சுகிறாள். அவள் முகக்குறிப்பைப் பார்த்து அவன் பேசுகிறான். உன் தாயும் என் தாயும் யாரோ, தந்தையர் என்ன உறவோ, நாம் எப்படி அறிமுகமானோம் என்று அவன் அடுக்குகிற கேள்விகள் அவளுடைய அச்சத்தின் கேள்விகளே. உறவு என்று சொல்லிப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாத இடத்தில்தான், மண்ணிலிருந்து திரும்பப் பிரிக்க முடியாத நீரை அவன் காட்டுகிறான். மேன்மை என்று எழுதியவுடன் அந்தப் பெண்ணின் பயம் பாட்டிலிருந்தே வெளியேறிவிடுகிறது.

வினாவின் ஏவலையும் பாருங்கள்: பாராட்டுக. பாட்டில் எதுகைக்காக ஒரு சொல்லை இழுத்துவந்து அடைத்திருந்தாலும் பாராட்டத்தான் வேண்டும். கம்பனில் தோய்ந்த ரசிகர் டி.கே.சி. ஒரே செய்யுளைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டி, நண்பர்களின் காதில் அது இறங்கும்வரை விடமாட்டார். காதுக்கு ஒவ்வாத கம்பன் பாடல்களை இடைச்செருகல் என்று ஒதுக்கியும் வைத்தார். அது அளவுமீறிய துணிச்சல், நான் ஏற்கவில்லை. ஆனால் இந்தப் பாட்டு எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமை இருந்ததால்தான் அவர் பிடித்தது என்று சொன்னதற்கு மதிப்பு வந்தது. அந்த உரிமையை ஒரு மாணவிக்குக் கொடுக்க ஏன் இவ்வளவு தயங்குகிறோம்?

புதுக்கவிதையை வளர்த்த ‘எழுத்து’ இதழ் 1959இல் தொடங்கியது. மோனை, எதுகையைக் கட்டாயமாகக் கொள்ளாத அந்தக் கவிதை பாடநூலுக்குள்ளும் வந்துவிட்டது. பழகிய பிள்ளைகள் அதிலும் ‘க’வில் தொடங்கும் இரண்டு சொல்லைத் தேடிப் பிடித்து மோனை என்று எழுதுகிறார்கள்.

வெறுந்தாளை நீட்டும் என்று அந்த ஆசிரியர் சொன்ன பிள்ளைக்கு மறுபடி வருகிறேன். அந்த வாதம்தான் என்னை அதிகம் வருத்தியது. புத்தகம் இல்லாத வீட்டில் தாலாட்டு இருந்திருக்கும். விடுகதை இருந்திருக்கும். சாவு வீட்டில் அப்பத்தா ஒப்பாரி வைத்தபோது எந்த இடத்தில் இழுத்தாள், எந்த இடத்தில் மூச்சை விட்டுவிட்டு அடுத்த அடியை எடுத்தாள் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். ‘இந்தப் பாட்டில் உன்னை நிறுத்திய சொல் எது, ஏன்?’ என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். நாலு வரிதான் எழுதும், பிழையோடு எழுதும். அந்த நாலு வரியும் அதனுடையதாக இருக்கும். அப்படிப்பட்ட காதோடு வரும் பிள்ளையை உட்காரவைத்து, காட்டுக்கு யானை என்று பத்து முறை எழுதச் சொல்கிறோம்.