கல்வெட்டில் இடம்பெறாதவர்

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையில் பயணம் செய்வோர் கண்ணில் முதலில் படுவது யானைமலை. அதனைக் கடந்து சென்றால் அரிட்டாபட்டி, மாங்குளம், திருவாதவூர், கீழவளவு எனக் குன்றுகள் அடுத்தடுத்து வருகின்றன. நகருக்கு மேற்கே கீழக்குயில்குடியில் சமணர்மலை, தெற்கே திருப்பரங்குன்றம். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் சமணத் துறவியர் தங்கித் தவம் செய்த இடங்கள் இவை. இக்குன்றுகளைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை ஏராளம். ஆய்வு நூல்கள், பயணக் கட்டுரைகள், விழா மலர்கள், சுற்றுலாக் கையேடுகள் ஆகியவற்றைத் தொடர்ந்து படித்து வருபவன் என்ற முறையில், அவ்வெழுத்துகளில் பலவற்றில் காணப்படும் ஒரு குறையைச் சுட்டிக்காட்டவே இக்கட்டுரை. அக்குறை எழுத்தோடு நின்றுவிடவில்லை. ஒரு வட்டாரத்தின் வாழ்வையே பறிகொடுக்கும் நிலைக்கு அது துணைபோகக் கூடும் என்பதை அண்மை நிகழ்ச்சி ஒன்று காட்டிவிட்டது.

முதலில் பாராட்ட வேண்டியவற்றைப் பாராட்டிவிடுவோம். 1882இல் இராபர்ட் சீவெல் மாங்குளம் கல்வெட்டுகளைக் கண்டறிந்தபோது, அவை எம்மொழியில் எழுதப்பட்டவை என்பதே உலகுக்குத் தெரியாது. 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் அவற்றின் மொழி தமிழே என நிறுவினார். அவற்றுள் பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயர் இருப்பதையும், அவை கணிநந்தன் என்னும் துறவிக்கு அளித்த கொடையைக் குறிப்பதையும் ஐராவதம் மகாதேவன் தெளிவுபடுத்தினார். அவர்தம் வாழ்நாள் உழைப்பு 2003இல் பெருநூலாக வெளிவந்தது. மதுரைக் குன்றுகள் அனைத்தையும் ஏறி இறங்கி, 'எண்பெருங்குன்றம்' என்ற நூலைத் தந்தவர் முனைவர் வெ. வேதாசலம். இவர்கள் இன்றேல் இக்குன்றுகள் நமக்கு ஊமைப் பாறைகளாகவே இருந்திருக்கும்.

குறை இவர்களிடத்தில் இல்லை. இவர்களைப் பின்பற்றி எழுதும் நம்மிடத்தில்தான் இருக்கிறது. சமணர்மலையில் பெரிய காதுகளோடு அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரரை ஊர்மக்கள் செட்டியார் என்று கருதினர். அதனால் அக்குகை செட்டிப்புடவு எனப் பெயர் பெற்றது. அம்மலையின் மற்றொரு பக்கம் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்ட இடம் பேச்சியம்மன் பெயரால் பேச்சிப்பள்ளம் ஆயிற்று. துறவியரின் கற்படுக்கைகள் உள்ள குன்றுகள் பல, பஞ்சபாண்டவர் படுத்துறங்கிய மலைகள் எனப்பட்டன. இச்செய்திகளைக் கூறும்போது நம் கட்டுரையாளர்களின் உதட்டில் ஒரு புன்னகை தோன்றுவதைக் காணலாம். 'அறியாத மக்கள் இவ்வாறு அழைக்கின்றனர்' என ஒரு வரி எழுதிவிட்டு, அச்சணந்தி முனிவர்பால் விரைந்து சென்றுவிடுவர். செதுக்குவித்தவர் பெயர் வரும். கொடையளித்த அரசன் பெயர் வரும். கண்டுபிடித்த அறிஞர் பெயரும் ஆண்டும் வரும். இடைப்பட்ட ஆயிரம் ஆண்டுகள் அக்கல்லைக் காத்தவர் எவர் என்னும் கேள்வி மட்டும் எழுவதே இல்லை.

எண்ணிப் பார்ப்போம். இக்குன்றுகளிலிருந்து சமணத் துறவியர் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. தொல்லியல் துறை என ஒன்று தோன்றியது அண்மைக் காலத்தில்தான். இடையில் இருந்த நெடுங்காலத்தில் வேலியும் இல்லை, காவலரும் இல்லை, அறிவிப்புப் பலகையும் இல்லை. எனினும் அச்சிற்பங்கள் அம்மிக்கும் உரலுக்குமாக உடைபடாமல் நின்றது எவ்வாறு? செட்டியார் என்றோ பேச்சி என்றோ பஞ்சபாண்டவர் என்றோ ஊர்மக்கள் ஒரு பெயரிட்டு, தம் வணக்கத்திற்குள் அவற்றை எடுத்துக்கொண்டதும் அதற்கொரு காரணம் அன்றோ? பெயர் தவறாயிருக்கலாம், மரியாதை தவறவில்லை. மதுரைக்கு அருகே இடையபட்டி வெள்ளிமலைக் கோயில்காட்டிற்குள் காலணியோடு எவரும் நுழைவதில்லை. ஒரு கிளையையும் ஒடிப்பதில்லை. அங்குக் கல்வெட்டு எதுவும் அவர்களுக்குக் கட்டளையிடவில்லை.

இக்குறை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இனிக் காண்போம். அரிட்டாபட்டியில் கழிஞ்சமலை, நாட்டார்மலை, வயத்துப்பிள்ளான் மலை, இராமாயி மலை, ஆப்டான் மலை, கழுகுமலை, தேன்கூட்டு மலை என ஏழு குன்றுகள். கழிஞ்சமலையில் நெல்வேலியைச் சேர்ந்த ஒருவர் குகை செய்து கொடுத்ததைக் கூறும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும், வட்டெழுத்துடன் கூடிய தீர்த்தங்கரர் சிற்பமும், இலகுலீசர் உருவம் அமைந்த சிவன் குடைவரையும் உள்ளன. மலையில் விழும் மழைநீர் சுனைகளில் தங்கிக் கண்மாய்களுக்கு இறங்குகிறது. அதனைக் கொண்டே வயல்கள் விளைகின்றன. 2022 நவம்பரில் தமிழக அரசு அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களில் 193.215 எக்டேர் நிலத்தைப் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. ஈராண்டுகள் சென்று, 2024 நவம்பரில், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்ற பெயரில் 2015.51 எக்டேர் நிலத்திற்கான சுரங்க ஏலத்தின் முடிவு வெளியாயிற்று. அத்தொகுதிக்குள் மேற்கூறிய மரபுத் தலமும் அடங்கியிருந்தது.

மக்கள் கிளர்ந்தெழுந்தனர். டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. அதன்பின் ஒன்றிய சுரங்க அமைச்சகம் கூறிய விடைதான் நாம் ஊன்றிப் படிக்க வேண்டியது. பல்லுயிர் மரபுத் தலத்தை விலக்கிவிட்டுத் தொகுதியின் எல்லையைத் திருத்தியமைக்க இயலுமா என மறு ஆய்வு செய்யும்படி அது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைக் கேட்டுக்கொண்டது. அதாவது, பத்தில் ஒரு பங்கை வேலியிட்டுக் காத்துவிட்டால் எஞ்சிய ஒன்பது பங்கைத் தோண்டலாம் என்னும் கருத்துக்கு அங்கு இடமிருந்தது. சிற்பம் பத்திரமாக இருக்கும். கல்வெட்டு பத்திரமாக இருக்கும். சுற்றிலும் ஊர் இராது. இந்த விடையைக் கேட்டு நாம் சினம் கொள்வதற்கு முன், நம் கட்டுரைகளைப் புரட்டிப் பார்க்க வேண்டாமா? கல்லை மட்டும் வியந்து, அதனைச் சூழ்ந்த கண்மாயையும் களத்துமேட்டையும் கும்பிட்ட கைகளையும் விட்டுவிட்டு எழுதிய நாமும், அந்த வேலியை முன்னரே மனத்தில் போட்டுவிட்டோம் அல்லவா?

ஊர்மக்கள் இந்தப் பாகப்பிரிவினையை ஏற்கவில்லை. 2025 சனவரி 7 அன்று ஆயிரக்கணக்கானோர் மேலூர்ப் பகுதியிலிருந்து மதுரைக்குப் பேரணியாக வந்தனர். அம்மாதம் 23ஆம் நாள் ஏலம் முற்றிலுமாக நீக்கப்பட்டது. போராட்டத்தின்போது அவர்கள் கல்வெட்டுகளின் காலத்தையும் பாண்டியர் பெயரையும் எடுத்துரைக்கத் தவறவில்லை. அறிஞர் தந்த அறிவை மக்கள் நன்றியோடு பயன்படுத்திக்கொண்டனர். மக்கள் தந்த காவலை அறிஞருலகம் அதே நன்றியோடு எழுதி வைக்குமா என்பதே எஞ்சியுள்ள கேள்வி.

கல்வெட்டும் சிற்பமும் சிறிதும் இல்லாத புனிதத் தலம் ஒன்றை எண்ணிப் பார்த்தால் இவ்வுண்மை மேலும் விளங்கும். சிக்கிமில் கஞ்சன்ஜங்கா மலையடியில் வாழும் லெப்சா மக்கள், தம் முதல் பெற்றோர் அம்மலையின் பனியிலிருந்து உருவாக்கப்பட்டவர்கள் என நம்புகின்றனர். தீஸ்தாவும் ரங்கீத்தும் அவர்களுக்கு வெறும் ஆறுகள் அல்ல. காதலித்துக் கூடிய இணையர். இவற்றுள் எதற்கும் கல்லில் எழுதிய சான்று கிடையாது; சொல்லி வரும் மக்களே சான்று. 1955இல் அச்சிகரத்தை முதன்முதலாக எட்டிய பிரித்தானியர், சிக்கிம் மன்னருக்குத் தந்த வாக்கின்படி உச்சியை மிதிக்காமல் சற்றுக் கீழேயே நின்றுவிட்டனர். அத்தகைய மரியாதை பின்னர் வந்த திட்டங்களிடம் இல்லை. லெப்சாக்களின் ஜோங்கு பகுதியில் நீர்மின் அணைகள் வர இருந்தபோது, 2007இல் அவர்களின் இளைஞர்கள் உண்ணாநோன்பு இருந்தனர். மறு ஆண்டு அப்பகுதியின் நான்கு திட்டங்கள் கைவிடப்பட்டன. தீஸ்தாவின் குறுக்கே சுங்தாங்கில் எழுந்த பேரணையோ 2023 அக்டோபரில் பனியேரி உடைந்து பெருகிய வெள்ளத்தில் தகர்ந்துபோயிற்று. லெப்சா மக்களை அகற்றிவிட்டு அவர்தம் தலங்களைக் காக்க முடியுமா? காக்க அங்கு எஞ்சியிருப்பது என்ன?

விவிலியம் அறிந்த நமக்கு இது புதிய செய்தி அன்று. நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைக் கேட்ட ஆகாபு, தொடக்கத்தில் அநியாயமாக எதையும் சொல்லிவிடவில்லை. அதைவிட நல்ல தோட்டம் தருவதாகச் சொன்னான். வேண்டுமாயின் உரிய விலையும் தருவதாகச் சொன்னான். நாபோத்து விலை பேசவே இல்லை. அது மூதாதையரின் உரிமைச் சொத்து என்று மட்டும் கூறினான். இழப்பீட்டுத் தொகையால் எல்லாம் சரியாகிவிடும் என நம்பும் மொழிக்கு அந்த விடை அன்றும் விளங்கவில்லை. கல்லைத் தலையணையாக வைத்துத் துயின்ற யாக்கோபு, விழித்தெழுந்து அவ்விடத்திற்குப் பெத்தேல் எனப் பெயரிட்டார். அதற்கு முன் அந்நகரின் பெயர் லூசு என்பதையும் தொடக்கநூல் மறைக்காமல் குறித்து வைக்கிறது. நம் குன்றுகளின் கற்படுக்கைகளிலும் தலை வைக்கும் பக்கம் சற்று உயர்த்திச் செதுக்கப்பட்டிருப்பதைக் காணும் கிறித்தவர் எவருக்கும் யாக்கோபின் நினைவு வராமல் இராது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் திருமடலும், பூர்வகுடிகளுக்கு நிலம் விற்பனைப் பொருள் அன்று, இறைவனும் முன்னோரும் தந்த கொடை எனக் கற்பிக்கிறது.

இவ்வாறு சொல்வதால் ஊர்மரபு அனைத்தையும் போற்றிக் கண்மூடிவிட வேண்டும் என்பதில்லை. கீழவளவுக்கு அண்மையிலுள்ள மேலவளவில்தான் 1997இல் ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் வந்தோரும் சாதியின் பெயரால் வெட்டிக் கொல்லப்பட்டனர். மலையைக் காத்த மரபு மனிதரை விலக்கிய மரபாகவும் இருந்திருக்கிறது. ஆகவே காத்தவரை எழுதும்போது, எவரெல்லாம் காத்தும் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். அதை விட்டுவிட்டால், நாம் ஒரு புறக்கணிப்பைத் திருத்தி மற்றொன்றைச் செய்தவராவோம்.

இறுதியாக நம் வீட்டுக்குள்ளும் ஒரு முறை பார்த்துக்கொள்வோம். நம் பங்குகளின் வெள்ளிவிழா, நூற்றாண்டு விழா மலர்களை எடுத்துப் பாருங்கள். அடிக்கல் நாட்டிய ஆயர், கட்டி முடித்த அருள்தந்தை, மந்திரித்த நாள் என எல்லாம் முறையாக இருக்கும். 1894இல் எழுந்த இடைக்காட்டூர்த் திருஇருதய ஆலயத்தின் எழிலைப் பேசும்போதும் பிரெஞ்சுக் கலைப்பாணியை வியக்கிறோம். செங்கல் சுட்டவரும் சுண்ணாம்பு அரைத்தவரும் குருவானவர் வர இயலாத காலங்களில் கூடிச் செபமாலை சொன்னவரும் அவ்வியப்பில் இடம்பெறுவதில்லை.

அடுத்த முறை நம் இளைஞர் இயக்கங்கள் இக்குன்றுகளுக்குச் சுற்றுலா செல்லும்போது, பலகையைப் படிப்பதற்கு முன் அடிவாரத்தில் ஆடு மேய்க்கும் பெரியவரிடம் மலையின் பெயரைக் கேட்கட்டும். அவர் சொல்லும் பெயரையும் கதையையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளட்டும். கல்வெட்டின் காலத்தை அறிஞர்கள் கணித்துத் தந்துவிட்டார்கள். அப்பெரியவரின் காலம் முடிவதற்குள் நாம் செய்ய வேண்டிய வேலை இது.