எண்ணைத் தட்டினால் பெயர் வருமா?

அமெரிக்கக் குற்றத் தொடர்களில் எனக்குச் சலித்துப்போன காட்சி ஒன்று உண்டு. கொலை நடந்த இடத்தில் கைத்துப்பாக்கி கிடைக்கும். அதிலுள்ள வரிசை எண்ணை ஒருவர் கணினியில் தட்டுவார். மறுநொடியே உரிமையாளரின் பெயர், முகவரி, புகைப்படம். அடுத்த காட்சியில் கதவை உடைப்பார்கள்.

இதை நானும் ஒரு சிறுகதையில் அப்படியே எழுதியிருக்கேன். வாசித்த யாரும் கேள்வி கேட்கவில்லை. உரிமம் இல்லாமல் துப்பாக்கியைத் தொடவே முடியாத நாட்டில் வளர்ந்தவர்கள் நாம். அரசாங்கத்துக்கு எல்லாம் தெரியும்னு நினைப்பது நமக்கு இயல்பு.

அமெரிக்காவில் நிலைமை வேறு. கடையில் துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் 4473 என்ற படிவம் வாஷிங்டனுக்குப் போவதில்லை, கடைக்காரரிடமே இருக்கும். எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சோதனையில் தேறியவரின் விவரங்களை 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட வேண்டும். 1934 முதல் இயந்திரத் துப்பாக்கி போன்ற சில வகைகளுக்கு மத்தியப் பதிவு உண்டு. சாதாரணத் துப்பாக்கிகளுக்கு அப்படியொரு பதிவேடு உருவாக்குவதை 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

அப்படியென்றால் எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்? மேற்கு வர்ஜீனியாவின் மார்டின்ஸ்பர்க்கில் ஏடிஎஃப் அமைப்பின் மையம் இருக்கிறது. அங்குள்ளவர்கள் முதலில் தயாரிப்பாளரைக் கேட்பார்கள், பிறகு மொத்த வியாபாரியை, பிறகு கடைக்காரரை. கடை மூடப்பட்டிருந்தால் அதன் பழைய ஆவணங்கள் அந்த மையத்திலேயே இருக்கும். ஆனால் அவை படங்களாக எடுத்து வைக்கப்பட்டவை, பெயர் போட்டுத் தேட முடியாது. இத்தனைக்கும் பிறகு கிடைப்பது முதலில் வாங்கியவரின் பெயர் மட்டும்தான்.

மாநிலங்களின் கதை இன்னும் சிக்கல். ஹவாயில் பதிவு கட்டாயம். ஃபுளோரிடாவில் அரசு அப்படிப் பட்டியல் வைப்பதற்கே தடை. கலிஃபோர்னியா விற்பனை விவரங்களைச் சேமிக்கிறது, ஆனால் நீளத் துப்பாக்கிகளுக்கு 2014 முதல்தான். பென்சில்வேனியா போலீஸ் கைத்துப்பாக்கி விற்பனைகளைத் தொகுத்து வைத்திருக்கிறது. அது உரிமையாளர் பதிவேடு ஆகாது என்று 2004இல் அம்மாநில உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. விற்பனைப் பதிவு சொல்வது ஒரு நாள் ஒருவர் வாங்கினார் என்பதை. இன்று அது யார் கையில் இருக்கிறது என்பதை அல்ல.

இதே கதைகளில் வரும் இன்னொரு ஆளையும் நமக்குத் தெரியும். "கவர்மெண்ட்கிட்ட என் பேரு இருக்கு, ஒருநாள் வந்து எல்லாத்தையும் பிடுங்கிட்டுப் போயிருவான்" என்று கொல்லையில் துப்பாக்கியைப் புதைக்கும் கிழவர். துப்பறிபவரின் நம்பிக்கையும் கிழவரின் பயமும் ஒரே தவற்றில் பிறந்தவை. விற்ற சீட்டை இருவருமே உடைமைப் பட்டியல் என்று நினைக்கிறார்கள்.

உண்மை எவ்வளவு நல்ல கதை என்பதற்கு 1963 நவம்பர் 22ஆம் தேதி இரவே போதும். கென்னடி கொலையில் கிடைத்த ரைஃபிளின் எண் சி2766. அந்த எண்ணைத் தேடி சிகாகோவின் க்ளைன்ஸ் கடை ஊழியர்கள் விடியவிடிய மைக்ரோஃபிலிம் சுருள்களைப் புரட்டினார்கள். தபாலில் வந்த ஆர்டர் கிடைத்தது. விலை 21 டாலர் 45 சென்ட். வாங்கியவர் பெயர் ஏ. ஹிடெல். பொய்ப்பெயர்! கையெழுத்தை ஒப்பிட்ட பிறகுதான் அது ஓஸ்வால்ட் எழுதியது என்று உறுதியானது. உதவியது அரசின் கணினி அல்ல, ஒரு கடையின் கணக்கு.

குற்றப்புனைவில் தகவல் பிழை சின்ன விஷயம்தானே என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் கதையில் கணினி காட்டிய பெயர்தான் கொலைகாரன் பெயரும். முதலில் வாங்கியவன் விற்றிருக்கலாம், தம்பிக்குக் கொடுத்திருக்கலாம், திருட்டுக் கொடுத்திருக்கலாம். பல மாநிலங்களில் தனியாள் தனியாளுக்கு விற்கும்போது எந்தச் சீட்டும் தேவையில்லை. ஒரு மனிதனை விசாரிக்காமலே நான் குற்றவாளி ஆக்கியிருக்கிறேன்.

அந்தக் கதையைத் திரும்ப எழுதினால் கதவை உடைக்க மாட்டேன். தட்டுவேன். திறப்பவன், "அதை வித்து ஆறு வருஷமாச்சு சார்" என்பான். கதை அங்கேதான் தொடங்க வேண்டும்.