தசையாகும் தருணம்: ஹிஸ்டோன் ஆய்வின் மூன்று மரபுகள்

உடம்பின் செல்களில் பெரும்பாலும் இருப்பது ஒரே டிஎன்ஏதான். தசைச் செல் மட்டும் மயோசினைக் குவித்துச் சுருங்கக் கற்றுக்கொள்வது எப்படி? 1987இல் சியாட்டிலில் ஹரால்ட் வெய்ன்ட்ரப்பின் ஆய்வுக்கூடம் மயோடி என்ற ஒற்றை மரபணுவைச் செலுத்தி, இணைப்புத்திசுச் செல்லைத் தசையாக்கிக் காட்டியது. ஆனால் ஒரு முடிச்சு அவிழாமல் நின்றது. பெருகிக்கொண்டிருக்கும் தசை முன்னோடிச் செல்லிலும் மயோடி உண்டு. ஆனாலும் அது தசையாகாமல் காத்திருக்கிறது. காக்கவைப்பது யார்? இக்கேள்வியே டிஎன்ஏ சுற்றிக்கிடக்கும் ஹிஸ்டோன்களிலும், அவற்றில் வேதிக்குறிகளை ஏற்றி இறக்கும் நொதிகளிலும் ஆய்வாளர்களைக் கொண்டுவிட்டது.

அசிட்டைல் மரபு

இதுவே மூத்தது. ஹிஸ்டோனில் அசிட்டைல் ஏறுவதற்கும் ஆர்என்ஏ உற்பத்திக்கும் தொடர்பு உண்டு என்று வின்சென்ட் ஆல்ஃப்ரே குழு 1964இலேயே சொன்னது. குறியை ஏற்றும் நொதியும் இறக்கும் நொதியும் 1996இல்தான் அடையாளம் காணப்பட்டன. ஏற்றும் நொதிகளான பி300, பிகாஃப் ஆகியவை மயோடியோடு சேர்ந்து தசை மரபணுக்களைத் திறக்கின்றன; பிகாஃப் மயோடி புரதத்தின்மீதே அசிட்டைலை ஏற்றுகிறது. எதிர்ப்பக்கம், குறியை இறக்கும் எச்டாக் நொதிகள். டல்லஸில் எரிக் ஓல்சன் குழு 2000இல் கண்டது இது: எச்டாக்5, தசை மரபணுக்களை இயக்கும் மெஃப்2 புரதத்தைப் பிடித்து அடக்கிவைக்கிறது, செல் தசையாகத் தொடங்கியதும் உட்கருவை விட்டு வெளியேறுகிறது.

மெத்தில் மரபு

தசை மரபணுக்களை மூடிவைக்கும் பூட்டைப் பற்றி அதிகம் பேசுவது இந்த மரபு. 2004இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் வித்தோரியோ சார்டோரெல்லி குழு, எச்3 ஹிஸ்டோனின் 27ஆம் லைசினில் மெத்திலை ஏற்றும் ஈஇசட்எச்2 நொதியைத் தசை மரபணுக்களின்மேல் கண்டது. செல் முதிர முதிர அந்த நொதியின் அளவு குறைகிறது. ஏறிய மெத்திலைக் கழற்ற யூடிஎக்ஸ் நொதி, தசை மரபணுக்களில் ஒன்றான மயோஜெனினுக்கு வருவதை ஒட்டாவாவில் ஜெஃப்ரி டில்வொர்த் குழு 2010இல் காட்டியது.

விலங்கு மரபு

கிண்ணத்தில் கண்டதை உடம்பில் சோதிப்பது இவர்கள் வழி. ஈஇசட்எச்2 பூட்டு என்றால், அதை நீக்கினால் தசை விரைந்து உருவாக வேண்டுமே? எலியின் தசைக் குருத்தணுக்களிலிருந்து அதை நீக்கியபோது குருத்தணுக்களின் எண்ணிக்கை குறைந்தது. காயம்பட்ட தசை சரியாக மீளவில்லை. பெருகும் காலத்தில் அந்த நொதி வேண்டும். முதிரும் காலத்தில் அது விலக வேண்டும்.

இந்த ஆய்வுகளை எதை வைத்து மதிப்பிடுவது?

இத்துறையின் பொது அரங்கு சி2சி12 செல்வரிசை. அதன் தாய்வரிசையை 1977இல் இஸ்ரேலின் வெய்ஸ்மன் நிறுவனத்தில் யாஃபியும் சாக்சலும் எலித் தொடைத் தசையிலிருந்து எடுத்தார்கள். கன்றுச் சீரத்தில் பெருகும் செல்களை 2 சதவீதக் குதிரைச் சீரத்துக்கு மாற்றினால் பெருக்கம் நிற்கும்; செல்கள் நீண்டு, ஒரே திசையில் வரிசைகட்டி, ஒன்றோடொன்று கலந்து பல உட்கருக்கள் கொண்ட குழாய்களாகும். மயோசின் உள்ள குழாய்களுக்குள் மொத்த உட்கருக்களில் எத்தனை சேர்ந்தன என்ற விகிதமே முதல் அளவுகோல். நொதியின் குறி உரிய மரபணுவின்மேல் இருக்கிறதா என்பது இரண்டாவது. மூன்றாவதுதான் கடினம்: நொதியை நீக்கிய செல்லில், வேதிவினை செய்யமுடியாதபடி முடக்கிய நொதியைத் திரும்பச் செலுத்த வேண்டும். அதுவும் குறையைச் சரிசெய்துவிட்டால், காரணம் ஹிஸ்டோன் குறி அன்று. குறி இருப்பதாலேயே மரபணு இயங்குகிறது என்றும் சொல்லிவிட முடியாது. மயோடி அமரும் ஆயிரக்கணக்கான இடங்களில் அசிட்டைல் ஏறினாலும் பல மரபணுக்கள் பேசுவதில்லை என்று 2010இல் தெரியவந்தது.

நான்காவதாக ஓர் அளவுகோலையும் சேர்த்தாக வேண்டும்: காலம். எச்டாக் தடுப்பானைப் பெருகும் செல்லுக்கு முன்கூட்டிக் கொடுத்தால் தசையாக்கம் கூடுகிறது. முதிரத் தொடங்கும்போது கொடுத்தால் குலைகிறது. இந்த வகைத் தடுப்பான்களில் ஒன்றான கிவினோஸ்டாட், டுஷேன் தசைச்சிதைவு நோய்க்கு 2024 மார்ச்சில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றுவிட்டது. மருந்தாகிவிட்ட நிலையில், நொதி தசையை வளர்க்கிறதா தடுக்கிறதா என்பதோடு நின்றுவிடும் ஆய்வு பாதி ஆய்வுதான். எந்தச் செல்லில், எந்தக் கட்டத்தில் என்பதையும் அது சொல்ல வேண்டும்.